மூன்று கேள்வியில் ஒரு குழந்தையை அளந்துவிட முடியுமா?

ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தனியார் பயிற்சி மையங்களின் ‘திறனறி ரிப்போர்ட்’ வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்காலர்ஷிப் தேர்வு, சில நாளில் வண்ண வரைபடங்கள்: “பின்னங்கள் 33%, ஃபவுண்டேஷன் வகுப்பு அவசியம்.” பெற்றோர் பதறிப்போய்ப் பணம் கட்டுகிறார்கள்.

இதன் பின்னாலுள்ள அறிவியல் உண்மையானது. 43-இல் 27 போனால்? விடைகள் 16, 24, 26, 70. 24 என்று குறித்த பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கலாம். 26 என்றால், கடன் வாங்கிவிட்டுப் பத்துகள் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்திருக்கலாம். 70, கூட்டிவிட்டதன் அடையாளம். மூன்றுக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. அமெரிக்காவில் கிகுமி தத்சுவோகா 1980களில் பின்னக் கழித்தலை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். எந்தக் கேள்விக்கு எந்தத் திறன் வேண்டும் என்று அட்டவணை போட்டு, விடைகளிலிருந்து பிள்ளையின் திறன்களைக் கணிப்பது அவர் வழி. பின்னால் வந்த மாதிரிகள், தெரியாமலே சரியாகக் குறிப்பதையும் தெரிந்தும் தவறவிடுவதையும் கணக்கில் சேர்த்தன. ஆகவே கிடைப்பது நிகழ்தகவுதான், தீர்ப்பு அல்ல.

ஒரு திறனுக்கு மூன்றே கேள்விகள், நான்கு விடைகள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஷேடு செய்தாலும் குறைந்தது இரண்டு சரியாக அமைய ஏறக்குறைய 16% வாய்ப்புண்டு. இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. அட்டவணையில் எழுதாத திறன் ரிப்போர்ட்டில் தெரியாது. ஆங்கிலத்தில் நீளமாகக் கேட்ட கணக்கு புரியாமல் விட்ட பிள்ளைக்குக் ‘கணிதம் பலவீனம்’ என்று முத்திரை விழுகிறது. அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. ஆனால் அங்கே தினமும் பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியர் இருக்கிறார். கணிப்பு பிசகினால் திருத்தலாம்.

எனவே கட்டணத்துக்கு முன் கேளுங்கள்: ஒவ்வொரு திறனுக்கும் எத்தனை கேள்வி? வினாத்தாளையும் பிள்ளையின் விடைகளையும் தருவீர்களா? தந்தால், தவறிய கணக்கைப் பிள்ளையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு வாரியங்களிடம் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அந்த உரிமைக்கு அடிப்படையான தகவல் உரிமைச் சட்டம் தனியார் மையத்திடம் நேரடியாகச் செல்லாது. எழுத்துமூலம் கேட்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் தரவை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

ஒன்றிய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டுதல்படி, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது. உள்தேர்வு முடிவுகளைப் பகிரங்கப்படுத்தவும் கூடாது. இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் திருப்பித்தர வேண்டும். இது வழிகாட்டுதல்தான் என்றாலும் புகாரில் குறிப்பிடலாம். பணம் திரும்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.