அவகாசம் கொடுத்தே அழித்த ஆறுகள்

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளால் நிலமும் கிணறும் கெட்டுப்போனவர்களில் இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அந்த இழப்பீடு கணக்கிடப்பட்டது 2001 மார்ச்சில். கணக்கிடச் சொன்ன தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்டில். அந்த வழக்கு தொடுக்கப்பட்டது 1991இல். இத்தனை ஆண்டு இழுபட்ட தொகை எவ்வளவு என்று பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. 547 தொழிற்சாலைகள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 26.82 கோடி ரூபாய். சராசரி போட்டால் ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. தென்னை பட்டுப்போய், நெல் விளையாமல், குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கத் தொடங்கிய ஒரு குடும்பத்துக்கு அரசு அமைத்த ஆணையமே நிர்ணயித்த விலை அது. அதையும் வாங்கித் தர மறுபடி ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட தோல்விகளுக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படும். சட்டத்தில் ஓட்டை, அதிகாரிகளிடம் லஞ்சம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆள் பற்றாக்குறை. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் பாலாறு, நொய்யல் ஆகிய இரண்டு ஆறுகளின் வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால், அரசு ஓயாமல் செய்துவந்த காரியம் வேறொன்று என்பது தெரிகிறது. அது அவகாசம் கொடுப்பது. சுத்திகரிப்பு நிலையம் கட்ட அவகாசம், கட்டியதைச் சரிசெய்ய அவகாசம், கடன் கிடைக்கும்வரை அவகாசம், மேல்முறையீடு முடியும்வரை அவகாசம். கோப்பில் இது எந்த முடிவும் எடுக்காதது போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு முடிவுதான். அதில் ஆதாயம் அடைபவர் ஒருவர், அந்த மாதங்களுக்கான செலவைத் தன் கிணற்றிலும் வயலிலும் சுமப்பவர் வேறொருவர். அப்படிச் சுமப்பவரிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை.

சட்டம் போதவில்லை என்ற வாதம் நெடுநேரம் நிற்காது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. விதி மீறும் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கவும் நேரடியாக உத்தரவிடும் அதிகாரம் 1988 திருத்தத்தில் வாரியத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், முக்கிய ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில் எதுவும் புதிதாக வரக்கூடாது என்று 213ஆம் எண் அரசாணையைத் தமிழக அரசே பிறப்பித்தது. நொய்யல் கரையில் உள்ள திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பெரும்பகுதி பெருகியது அதற்குப் பிறகுதான். சட்டத்தில் குறையென்று சொல்ல வேண்டுமானால், அது காலத்தை யார் பக்கம் சாய்த்திருக்கிறது என்பதைச் சொல்லலாம். இசைவு கேட்டு ஆலை விண்ணப்பித்து, நான்கு மாதத்துக்குள் வாரியம் முடிவு சொல்லாவிட்டால் இசைவு கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது 1974 சட்டம். கிணறு கெட்டுவிட்டது என்று விவசாயி கொடுக்கும் மனுவுக்கு அப்படியொரு கெடு கிடையாது. அவரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்க நினைத்தால், முதலில் வாரியத்துக்கு அறிவிப்பு கொடுத்து அறுபது நாள் காத்திருக்க வேண்டும்.

பாலாற்றுக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து வாரக்கணக்கில் பதனிட்ட காலத்திலும் நாற்றமும் கழிவும் இருந்தன. நிலைமை முற்றிலும் மாறியது 1970களில். பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்ய மத்திய அரசு ஊக்கம் தந்தது. அந்நியச் செலாவணிக் கணக்கில் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதோடு குரோமியப் பதனிடுதல் பரவும், கழிவின் தன்மையே மாறிவிடும் என்பதற்கு எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகும் என்றும், தோல் ஆலைப் பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகியிருப்பதாக வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது என்றும் 1996 தீர்ப்பு பதிவு செய்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. கழிவை அடித்துக்கொண்டு போக வெள்ளம் அரிதாகவே வரும் ஆற்றில் விட்டதெல்லாம் கீழே இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். இதை அறிய நிபுணர் குழு தேவையில்லை.

மாசைக் கட்டுப்படுத்த ஓர் ஆணையத்தை அமைக்கலாம் என்று 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் சொல்லியும், பத்தாண்டுகளாக மத்திய அரசு அதற்கு அசையவில்லை என்பதை நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பை இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். அதன் பெயரில் இருக்கும் வேலூர் மாவட்டத்து விவசாயி அதன் பலனுக்காக 2025வரை காத்திருந்தார்.

நொய்யலின் கதை இன்னும் வெளிப்படையானது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் அந்த ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1990களின் தொடக்கத்தில் பொதுப்பணித்துறை கட்டி முடித்தது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் தருவது நோக்கம். அதே ஆண்டுகளில், அதே அரசின் வேறு துறைகள் மேலே திருப்பூரில் சாய, சலவைப் பட்டறைகளுக்கு அனுமதியும் மின் இணைப்பும் கொடுத்துக்கொண்டிருந்தன. அணை சாயக்கழிவுத் தொட்டியானது. தண்ணீர் திறந்துவிடு என்று போராடும் டெல்டாவைப் பார்த்த தமிழகத்தில், தயவுசெய்து திறக்காதே என்று ஆயக்கட்டு விவசாயிகள் கேட்ட அணை இது ஒன்றாகத்தான் இருக்கும். இதற்கிடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மானியத்தோடு கட்டப்பட்டன. அவை நிறத்தைக் குறைத்தன. கரைந்திருந்த உப்பை நீக்கவில்லை. துணிக்குச் சாயம் ஏற்ற மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள் என்பதும், சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளியவைத்தால் அந்த உப்பு போகாது என்பதும் கட்டும்போதே தெரிந்த விஷயங்கள். தீர்க்காது என்று தெரிந்த ஒன்றைக் கட்டிக்கொண்டிருப்பதுகூட அவகாசத்தின் ஒரு வகையே. கட்டுமானம் நடக்கிறது என்று பத்தாண்டுகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த முடிவு இந்த வரலாற்றிலேயே தனித்து நிற்கிறது. 2007 ஜூலை முடிவுக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று கெடு வைத்ததோடு, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதமும் விதித்தது. முதலில் லிட்டருக்கு 6 காசு, பிறகு 8 காசு, கடைசி இரண்டு மாதம் 10 காசு. தொகை சிறியது. முழுமையாகச் சுத்திகரிக்க ஆகும் செலவை அது எட்டவில்லை என்பதால் பட்டறைகளை அசைக்கவும் இல்லை. ஆனால் அவகாசம் இலவசம் இல்லை, நாள் ஆக ஆக அதன் விலை ஏறும் என்று முதல்முறை யாரோ எழுதிவைத்தார்கள். நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு வளர்த்தெடுத்திருக்கலாம். நடந்ததோ மேல்முறையீடு. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதே உத்தரவை உறுதி செய்து மேலும் மூன்று மாதம் கொடுத்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று அவமதிப்பு வழக்கில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்த அதிகாரம் 1988 முதல் வாரியத்தின் கையில் இருந்ததுதான்.

இங்கே எழும் முதல் மறுப்பு வேலைவாய்ப்பு. ஆம்பூரில் காலணி தைக்கும் பெண்களும், திருப்பூரில் கைமடித்து, பிசிறு வெட்டி வாரச் சம்பளம் வாங்குபவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கறாராக இருந்தால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்பது வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2011இல் பட்டறைகள் நின்றபோது பட்டினி கிடந்தவர்கள் முதலாளிகள் அல்லர். ஆனால் அதே திருப்பூர் இந்த வாதத்துக்குப் பதிலும் சொல்கிறது. மூடிய பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் சேர்ந்து நிலையங்கள் மேம்பட்டன. மிஞ்சிய உப்புக் கரைசலையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தும் முறையும் வந்தது. 2024-25இல் அந்த ஊரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. தொழில் ஓடிப்போகவில்லை. அப்படியானால் அந்த வட்டியில்லாக் கடனை 2001இலோ 2006இலோ ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். தொழிலாளியின் வயிற்றில் அடித்தது திடீர் மூடல். திடீர் மூடலைத் தவிர வேறு வழியில்லாமல் செய்தது இருபது ஆண்டு நீட்டிப்பு. திருப்பூர் முழு வெற்றி என்று சொல்லவும் மாட்டேன். பிரித்தெடுத்த கலப்பு உப்பு மூட்டைகள் கிடங்குகளில் குவிகின்றன. அனுமதியில்லாப் பட்டறைகள் ஈரோடு, நாமக்கல் பக்கம் நகர்ந்தன. மாநகராட்சிச் சாக்கடை நொய்யலில் இன்றும் கலக்கிறது. தொழிலதிபர்கள் அந்தச் சாக்கடையைச் சுட்டிக்காட்டும்போது அவர்கள் சொல்வது நியாயமே.

ஆள் பற்றாக்குறை என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. வாரியத்துக்கு எத்தனை பொறியாளர் என்பதை முடிவு செய்வது அரசு. தானே காலியாக வைத்த நாற்காலியைக் காட்டி அரசு மன்னிப்புக் கேட்க முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலுள்ள தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சிப்காட் அரசு உருவாக்கிய தொழிற்பேட்டை. அதன் கசடு எங்கே, எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதைப் பார்க்கப் பட்டாளம் தேவையில்லை.

இன்னொரு மறுப்பைக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். ஆலைகளை நீதிமன்றம் நடத்தக்கூடாது, நீதிபதிகளுக்குக் கழிவுநீர்ப் பொறியியல் தெரியாது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றங்களும் தாராளமாக வாய்தா கொடுப்பவைதான். 1996 தீர்ப்பின் பலன் 2025வரை போனதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் இது வாரியம் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பதற்கான வாதமே தவிர, யாரும் செய்ய வேண்டாம் என்பதற்கானது அல்ல. சிறிய நடவடிக்கைகளைத் தள்ளிப்போடும் நிர்வாகத்திடம் கடைசியில் மிஞ்சுவது பெரிய நடவடிக்கை மட்டுமே. தூத்துக்குடி அதற்குச் சாட்சி. ஸ்டெர்லைட் ஆலை முறையான இசைவு இல்லாமலும் இயங்கிய காலம் உண்டு என்பதைச் சொல்லி, 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. நிரந்தரமாக மூடும் அரசாணை வந்தது 2018 மே 28 அன்று. ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய, 13 உயிர்களைப் பறித்த துப்பாக்கிச் சூடு நடந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

ஆகவே கேட்க வேண்டியது இன்னொரு புதிய சட்டம் அல்ல. நீட்டிப்புக்கு ஒரு விலைப்பட்டியல். எந்த ஆலைக்கு, எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் அவகாசம் என்பதை வாரியம் பெயரோடு வெளியிட வேண்டும். அந்த நாள்களில் வெளியேறும் கழிவுக்கு லிட்டர் கணக்கில், சுத்திகரிப்புச் செலவைவிடக் கூடுதலாக, மாதம்தோறும் ஏறும் தொகை வசூலிக்கப்பட வேண்டும். அது கருவூலத்துக்குப் போகாமல் அந்த ஆயக்கட்டின் கணக்குக்கே போக வேண்டும். சீர்கேட்டை ஈடுகட்டும் தொகையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டதால், அதிகாரம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. பணம் கட்டிவிட்டு மாசுபடுத்தும் உரிமையை வாங்கிக்கொள்வார்களே என்ற அச்சம் நியாயமானது. 1986 சட்டத்தின் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று 2023இல் மாற்றியது அந்த அச்சத்தைக் கூட்டுகிறது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு செலவினம், அவ்வளவே. விலை ஏறிக்கொண்டே போவதும், அவகாசத்துக்கு ஒரு முடிவு நாள் இருப்பதும் அதனால்தான் அவசியம். இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆலையிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரித் தீர்ப்பு சொன்ன வழியை எல்லா ஆற்றுக்கும் விதியாக்கினால், அவகாசக் கோப்பில் கையெழுத்திடும் முன் நிதித்துறையும் ஒருமுறை கணக்குப் போடும்.

இந்தக் கணக்கை அரசு தன்னிலிருந்தே தொடங்கலாம். ராணிப்பேட்டையில், அரசுப் பங்கேற்போடு தொடங்கப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1995 வாக்கில் மூடப்பட்டது. அது விட்டுப்போன குரோமியக் கழிவு, லட்சம் டன்களில் கணக்கிடப்படும் மேடாக இன்னும் முழுதாக அகற்றப்படாமல் கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் நீர் வடிகிறது. அங்கே காப்பாற்ற வேண்டிய வேலைவாய்ப்பு இல்லை, ஆர்டர் இல்லை, வழக்காடும் முதலாளி சங்கமும் இல்லை. முப்பது ஆண்டாக யாருக்காக அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தொழில்துறையும் சுற்றுச்சூழல் துறையும் சேர்ந்து சட்டமன்றத்தில் விளக்கட்டும்.