ஒரு வீரர் கூட வராத விண்டோ

விண்டோ என்றவுடன் உங்கள் கம்ப்யூட்டர் திரையில் திறந்து மூடும் கட்டம்தான் நினைவிற்கு வரும். இந்தக் கட்டுரையில் வருகின்ற விண்டோ வேறு. கால்பந்து கிளப்புகள் தங்களுக்குள் வீரர்களை வாங்கவும் விற்கவும் ஆண்டில் இரண்டு முறைதான் அனுமதி உண்டு. கோடையில் சில வாரங்கள். ஜனவரியில் ஒரு மாதம். இந்தக் காலத்திற்கு டிரான்ஸ்பர் விண்டோ என்று பெயர். இது ஒருமுறை மூடிவிட்டால், டபுள் கிளிக் செய்து மீண்டும் திறக்க முடியாது.

2018 ஆகஸ்ட் 9 அன்று இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் கோடை விண்டோ மூடியது. அங்கே மாலை 5 மணி. நமக்கு இரவு 9.30. அப்போது நான் எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு புதிய வீரரின் பெயருக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஆனால், எங்கள் வீட்டில் இருந்த ஒன்று அன்று இரவு போய்விட்டது. இரண்டையும் பற்றிச் சொன்னால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

காத்திருந்த கோடை

நான் லண்டனில் உள்ள டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்பின் ரசிகன். பள்ளியில் படிக்கும்போது அந்த அணியின் கேரத் பேல் ஓடுவதை டிவியில் பார்த்தேன், பிடித்துப் போனது. 2013ல் அவரை ரியல் மாட்ரிட்டிற்கு விற்றுவிட்டார்கள். பேல் போனார். நான் போகவில்லை.

2018ல் நான் இன்ஜினியரிங் இறுதி ஆண்டு மாணவன். அதற்கு முந்தைய சீசனில் டோட்டன்ஹாம் லீக்கில் மூன்றாவது இடம் பெற்றிருந்தது. அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில், அரையிறுதிக்கு வந்த அணிகளில் டோட்டன்ஹாம் வீரர்கள் மட்டும் ஒன்பது பேர் இருந்தனர். கோப்பையைத் தூக்கிய பிரான்ஸ் கேப்டன் ஹூகோ லோரிஸ் எங்கள் கோல் கீப்பர். "இன்னும் இரண்டு பேர் வந்தால் போதும், லீக் கோப்பை நமக்குத்தான்" என்று மனதிற்குள் கணக்குப் போட்டேன்.

மற்ற கிளப்புகள் வாங்கிக் கொண்டே இருந்தன. லிவர்பூல் அணி அலிசன் என்ற கோல் கீப்பரை, அதுவரை எந்தக் கோல் கீப்பருக்கும் கொடுக்காத விலைக்கு வாங்கியது. சில வாரங்களிலேயே செல்ஸி அதையும் தாண்டி, கெபாவை ஏறத்தாழ 7 கோடி பவுண்டிற்கு வாங்கியது. எங்கள் கிளப்பில் இருந்து வந்த நல்ல செய்தியெல்லாம் பழைய வீரர்களைப் பற்றியதுதான். ஹாரி கேனும் சன் ஹியுங் மின்னும் தங்கள் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், கடைக்குப் போய்த் திரும்பிய அப்பா, வீட்டு டப்பாவில் இருந்த முறுக்கையே எடுத்துக் கொடுத்தால் குழந்தைக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

வரப் போவதாகச் செய்திகளில் அடிபட்ட பெயர்களை எல்லாம் எக்ஸெல் பைல் ஒன்றில் எழுதி வந்தேன். முதல் காலத்தில் பெயர், இரண்டாவதில் இப்போது ஆடும் கிளப், மூன்றாவதில் "வந்தாரா?" என்ற கேள்வி. மொத்தம் 43 பெயர்கள் சேர்ந்தன. "ஆம்" என்று எத்தனை செல்களில் இருக்கிறது என்று எண்ண, கவுண்ட்இப் பார்முலா ஒன்றைக் கீழே அமைத்திருந்தேன். அது பூஜ்யம் என்றே காட்டியது. பார்முலாவில் தவறு இருக்குமோ என்று இரண்டு முறை சரி பார்த்தேன். பார்முலா சரியாகத்தான் இருந்தது.

எப் 5 கீயில் ஒரு விரல்

கீ போர்டின் மேல் வரிசையில் எப் 5 என்று ஒரு கீ இருக்கும். பிரவுசரில் ஓர் இணையப் பக்கத்தைப் பார்க்கும்போது அதை அழுத்தினால், அந்தப் பக்கம் மீண்டும் சர்வரிலிருந்து இறக்கப்படும். இதைத்தான் ரெப்ரெஷ் செய்வது என்கிறோம். செய்தி வராதபோது எத்தனை முறை அழுத்தினாலும் பழைய பக்கம்தான் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மாலையிலிருந்து அழுத்திக் கொண்டிருந்தேன்.

இரவு 9.10 மணிக்கு ஒரு லிங்க் கண்ணில் பட்டது. டோட்டன்ஹாமின் புதிய வீரர் மருத்துவப் பரிசோதனைக்கு வரும் வீடியோ என்று போட்டிருந்தது. கிளிக் செய்தேன். வீடியோவைப் பார்க்கத் தனியாக ஒரு பிளேயரை இன்ஸ்டால் செய்யும்படி கேட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடியிருப்பேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவன் நான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, "இப்படிக் கேட்டால் இன்ஸ்டால் செய்யாதீர்கள்" என்று சொல்லித் தருபவனும் நான்தான். ஆனால், இன்னும் இருபது நிமிடங்கள்தான் இருந்தன. ஆண்டி வைரஸ் எச்சரித்தது. அதை நிறுத்தி வைத்துவிட்டு, "யெஸ்" அழுத்தினேன்.

வீடியோ வரவில்லை. விளம்பரக் கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்தன. பிரவுசரின் ஹோம் பேஜ் மாறியது. மவுஸ் நகர மறுத்தது. 9.30 கடந்தது. டோட்டன்ஹாம் யாரையும் வாங்கவில்லை என்பதை அப்பாவின் போனை வாங்கிப் பார்த்துத் தெரிந்து கொண்டேன். 2003ல் பிரிமியர் லீக்கிற்குக் கோடை விண்டோ வந்த பின், அதில் ஒரு வீரரைக் கூட வாங்காத முதல் கிளப் என்ற பெயர் எங்களுக்குக் கிடைத்தது.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் டிவிடியைப் போட்டு, செட்அப் திரையில் காட்டிய பார்ட்டிஷன்களை எல்லாம் டெலிட் செய்து, முழு ஹார்ட் டிஸ்க்கையும் பார்மட் செய்தேன். நள்ளிரவில் கம்ப்யூட்டர் புதிது போல் ஆனது.

மறுநாள் காலையில் அப்பா, "என்னடா, உங்க டீமுக்கு ஆள் வந்தாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிறிது நேரம் கழித்து, "பாட்டி போட்டோ எல்லாம் இதுலதானே இருந்தது?" என்றார்.

பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மாமா கேமராவில் எடுத்தவை அவை. டி டிரைவில் ஒரு போல்டரில் இருந்தன. வேறு எங்கும் இல்லை. மெமரி கார்டை எப்போதோ அழித்துவிட்டார்கள். பாட்டி அந்த ஆண்டு ஜனவரியில்தான் தவறியிருந்தார். புதிய ஹார்ட் டிஸ்க், புதிய கிராபிக்ஸ் கார்டு என்று நான் ஆறு மாதமாகப் பட்டியல் போட்டுக் கொண்டிருந்தேன். இருந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. ரெகவரி சாப்ட்வேர் கொண்டு தேடியதில் 19 படங்கள் கிடைத்தன. அவற்றில் பல, பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பார்மட் செய்த பின் நான் விண்டோஸை அதே டிஸ்க்கில் மீண்டும் பதிந்துவிட்டதால், பல படங்கள் இருந்த இடத்தில் புதிய பைல்கள் எழுதப்பட்டுவிட்டன.

டிரான்ஸ்பரும் கம்ப்யூட்டர் வேலைதான்

கடைசி நிமிட அவசரம் ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்கு வீரர் மாறும்போது, 2010 அக்டோபரிலிருந்து டி.எம்.எஸ். என்ற ஆன்லைன் சிஸ்டம் வழியாகத்தான் மாற வேண்டும் என்று பிபா கட்டாயமாக்கியது. வாங்கும் கிளப்பும் விற்கும் கிளப்பும் தனித்தனியே விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் டிரான்ஸ்பர் நகரும்.

2017 ஆகஸ்டில் லெஸ்டர் சிட்டி கிளப், ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியிலிருந்து அட்ரியன் சில்வாவை வாங்கியது. அவரது ஆவணங்கள் பதிவானது 14 வினாடிகள் தாமதமாக. பிபா ஏற்க மறுத்தது. போர்ச்சுகல் தேசிய அணி வீரரான அவர், 2018 ஜனவரி வரை புதிய கிளப்பிற்கு ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரி விண்ணப்பமோ வரிக் கணக்கோ, கடைசி நாள் இரவில் ஆன்லைனில் அனுப்பலாம் என்று தள்ளி வைப்பவர்கள் இந்த 14 வினாடிகளை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஏன் வாங்கவில்லை?

கோபம் தணிந்த பின் யோசித்தபோது, காரணங்கள் புரிந்தன. கிளப் அப்போது ஏறத்தாழ 100 கோடி பவுண்டு செலவில் புதிய ஸ்டேடியம் கட்டிக் கொண்டிருந்தது. சொந்த மைதானம் இல்லாமல் வெம்ப்ளியில் ஆடியது. அடுத்த காரணம் இடம். பிரிமியர் லீக்கில் ஓர் அணி 25 பேரைத்தான் பதிவு செய்யலாம். அதில் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்புகளில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். எனவே, பழையவர்களை விற்றால்தான் புதியவருக்கு இடம். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருக்கும்போது புதிய கேமை எங்கே இன்ஸ்டால் செய்வது?

அதிகம் வாங்கினால் நல்லது நடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பேலை விற்ற 2013ல் டோட்டன்ஹாம் ஏழு பேரை வாங்கியது. அந்த சீசனில் ஆறாவது இடம்தான் கிடைத்தது. பயிற்சியாளர் டிசம்பரிலேயே வெளியேறினார். 2018 கோடையில் புல்ஹாம் கிளப் 10 கோடி பவுண்டிற்கு மேல் செலவழித்தது. அந்த சீசன் முடிவில் அது கீழ்ப் பிரிவிற்கு இறங்கியது.

யாரும் வராமல் என்ன ஆனது?

விண்டோ மூடி 18 நாட்களில், டோட்டன்ஹாம் ஓல்ட் டிராபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் அணியை 3-0 என்று வென்றது. 2019 ஜனவரி விண்டோவிலும் யாரையும் வாங்கவில்லை. மூசா டெம்பெலேவை விற்கவும் செய்தார்கள். அந்த அணிதான் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்தது.

அயாக்ஸ் அணியுடன் இரண்டாவது ஆட்டம், 2019 மே 8 அன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. ஹாரி கேன் காயத்தால் ஆடவில்லை. முதல் ஆட்டத்தில் ஏற்கனவே 0-1 தோல்வி. இதில் இடைவேளையில் 0-2. நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். பிறகு லூகாஸ் மோரா மூன்று கோல் அடித்தார். மூன்றாவது, ஆட்டத்தின் 96வது நிமிடத்தில். கிளப் கடைசியாக, 2018 ஜனவரி 31ல் வாங்கிய வீரர் அவர்தான். நான் புதியவர்களின் பெயரை எக்ஸெல்லில் எழுதிக் கொண்டிருந்தபோது, எங்களுக்குத் தேவையானவர் உள்ளேயே இருந்திருக்கிறார். வீட்டில் எல்லாரும் தூங்கிக் கொண்டிருந்ததால், தலையணையில் முகத்தை வைத்துக் கொண்டு கத்தினேன்.

இறுதி ஆட்டத்தில், ஜூன் 1 அன்று, லிவர்பூலிடம் 0-2 என்று தோற்றோம். அந்த லிவர்பூலின் கோல் கீப்பர், முந்தைய கோடையில் வாங்கிய அலிசன்.

இதோடு முடித்தால், வாங்காமல் இருப்பதே நல்லது என்று ஆகிவிடும். அது உண்மையல்ல. 2019 ஜூலை 2 அன்று அடுத்த வீரரை வாங்கும்வரை 517 நாட்கள் கடந்திருந்தன. அதற்குள் அணி களைத்துவிட்டது. 2019 ஜனவரி 20க்குப் பின், நவம்பர் வரை லீக்கில் வெளி மைதானம் எதிலும் வெற்றி இல்லை. அக்டோபரில் பேயர்ன் மியூனிக் எங்கள் புதிய ஸ்டேடியத்திலேயே 7-2 என்று அடித்தது. இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்ற பயிற்சியாளர் மொரிசியோ பொச்செட்டினோ நவம்பர் 19 அன்று நீக்கப்பட்டார். பராமரிப்பைத் தள்ளிப் போட்டால் அன்றே ஒன்றும் ஆகாது. பில் பிறகு வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. அவசரமாக எதிர்பார்க்கும் செய்தி எதுவானாலும், உரியவர்களின் இணையதளத்தை புக்மார்க் செய்து வைத்து அதில் மட்டும் பாருங்கள். கிளப் அறிவிக்காத வரை வீரர் வரவில்லை என்றே பொருள்.

2. வீடியோ பார்க்க ஏதாவது இன்ஸ்டால் செய்யச் சொன்னால், பக்கத்தை மூடிவிடுங்கள். ஆண்டி வைரஸை நிறுத்தச் சொன்னால், கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

3. தவறுதலாகப் பைல்களை அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் அதன் பின் எதையும் பதியாதீர்கள். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

4. புதிய பாகம் வாங்கும் முன், இருக்கும் டிஸ்க்கில் என்ன உள்ளது என்று பாருங்கள். அழிந்தால் மீண்டும் கிடைக்காதவற்றைத் தனி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். ஐந்து ஆண்டுகளாக ஓடும் டிஸ்க் இன்னும் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

"மாதம் ஒருமுறை பேக்அப் எடுங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். மறந்துவிடும். எனக்கு மறக்காத நாட்கள் ஆண்டில் இரண்டு உண்டு. டிரான்ஸ்பர் விண்டோ மூடும் நாளில், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து யுஎஸ்பி போர்ட்டில் செருகி, போட்டோக்களை நகல் எடுக்கத் தொடங்கிவிடுவேன். முதல் போல்டரில் பாட்டியின் 19 படங்கள் இருக்கின்றன. நகல் எடுத்து முடிந்ததும் அப்பா கேட்பார், "ஆள் வந்தாச்சா?" சில முறை வந்திருப்பார்கள், சில முறை வந்திருக்க மாட்டார்கள். எப்படியானாலும் வீட்டில் இருப்பது பத்திரமாக இருக்கும்.