அங்கத்தினர்களுக்கே உரிய கம்பியில்லாத் தொடர்பு வலை

நூலும் விதையும் போலச் செய்தித் தொடர்பும் இன்று உற்பத்தியாளருக்கு இன்றியமையாத பொருளாகிவிட்டது. சந்தை விலை, வானிலை, வங்கிக் கணக்கு, கொள்முதல் ஆணை ஆகிய யாவும் இணையத்தின் வழியே வருகின்றன. ஆயினும், அவ்வழி பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் உடைமையாகவே இருக்கிறது. குடிகள் நெருங்கி வாழும் நகரங்களில் அவை முதலீடு செய்யும். வீடுகள் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்தை லாபம் போதாதென்று விட்டுவிடும். அங்ஙனம் விடப்பட்ட மக்கள் தொடர்பு வலையைத் தாமே அமைத்துத் தமது உடைமையாக வைத்துக்கொள்ள இயலுமா? ஸ்பெயின் தேசத்தின் கத்தலோனியாப் பகுதி இதற்குத் தந்துள்ள விடை நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

கத்தலோனியாவில் ஒஸோனா என்பது பண்ணை வீடுகள் தனித்தனியே அமைந்த வட்டாரம். அங்கே அதிவேக இணைய வசதி அளிக்கக் கம்பெனிகள் முன்வரவில்லை. எனவே 2004ஆம் ஆண்டில், குர்ப் என்னும் ஊரில் வசித்த ராமோன் ரோக்காவும் அவருடைய அண்டை அயலாரும் தாமே கருவிகளை வாங்கி, வீட்டுக்கு வீடு தொடர்பை ஏற்படுத்தினர். 'கிஃபி.நெட்' என்று பெயர் பெற்ற அவ்வலை, இன்று 35,000க்கும் மேற்பட்ட இணைப்பு நிலையங்களைக் கொண்டு விளங்குகிறது.

அதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் ஒரு சிறு ஆண்டெனாவும், அதனோடு சேர்ந்த வானொலிக் கருவியும் பொருத்தப்படும். உரிமம் பெறாமலே பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் அவை இயங்கும். ஓர் ஆண்டெனா மற்றொன்றுக்கு நேரே தெரிய வேண்டும். குன்றோ அடர்ந்த மரங்களோ இடையில் நின்றால் அலை தடைப்படும். ஆகவே, உயரமான இடங்களில் பல திசைகளையும் நோக்கிய பெரிய நிலையங்களை அமைக்கின்றனர். ஒரு வீட்டிலிருந்து புறப்படும் செய்தி, அடுத்தடுத்த நிலையங்களின் வழியாகக் கைமாறிச் செல்லும். பல வழிகள் உள்ள இடத்தில் ஒன்று பழுதுபட்டால், கருவிகள் தாமே வேறு வழியைத் தேர்ந்துகொள்ளும்.

ஆனால் ஆண்டெனாக்களை நிறுத்திவிட்டால் மட்டும் பொதுவுடைமை ஏற்பட்டுவிடாது. அதை உண்டாக்குவது அவர்களுடைய உடன்படிக்கையேயாகும். கருவி அவரவர்க்குச் சொந்தம். வலையோ அனைவர்க்கும் பொது. பிறருக்கும் வலைக்கும் கேடு செய்யாத எக்காரியத்துக்கும் அதனைப் பயன்படுத்தலாம். அது இயங்கும் முறையை அறிய எவருக்கும் உரிமை உண்டு. அதன்மேல் சேவை நடத்தவும், அதே விதிகளின்படி புதிதாய் இணையவும் தடையில்லை. தன் நிலையத்தின் வழியே பிறர் செய்தி செல்ல இடந்தருவது இவற்றுக்கு ஈடான கடமையாகும்.

அங்ஙனமாயின், பிறர் செலவில் ஒருவர் லாபம் ஈட்டுவதை எவ்வாறு தடுப்பது? 2008இல் நிறுவப்பட்ட அறக்கட்டளை ஒன்று இதற்குக் கணக்கு வைக்கிறது. வலையைக் கொண்டு தொழில் நடத்தும் சிறு நிறுவனங்கள் எவ்வளவு முதலீடு செய்தன, எவ்வளவு உபயோகித்தன என்பது ஒப்பிடப்படும். உதாரணமாக, மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஏற்ற நிறுவனம், மொத்த உபயோகத்தில் பத்தில் மூன்று பங்கை எடுத்துக்கொண்டதாகக் கொள்வோம். மிகுதியான இரு பங்குக்குரிய தொகையை, தம் உபயோகத்துக்கு மேல் செலவிட்டோருக்கு அது ஈடுசெய்ய வேண்டும். பிணக்கு நேரின் சமரசம், நடுநிலையாளர் பேச்சு, தீர்ப்பு என்னும் மூன்று படிகளில் முடிவு காணப்படும்.

கம்பியில்லா முறைக்கு எல்லை உண்டு என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. பொது அலைவரிசையில் நெரிசல் மிகும். போக்குவரத்து பெருகினால் வேகம் குறையும். ஆகவே 2009 முதல், குர்ப் பண்ணைகளிலிருந்தே தொடங்கி, கண்ணாடி இழைக் கம்பிகளையும் அதே விதிகளின்கீழ் இடலாயினர். கருவி மாறிற்று, விதி மாறவில்லை.

இம்முறை நமக்குப் புதிதன்று. ஏரி ஊருக்குப் பொது. வயல் அவரவர்க்கு உரியது. வாய்க்கால் தூர்வாரக் குடிமராமத்தில் அவரவர் பங்குக்கு ஆள் அனுப்பியதும், தலைமடைக்காரர் கடைமடைக்கு நீர் விட்டதும் நம் முன்னோர் கண்ட ஒழுங்கு. பங்கு செலுத்தாதவர் நீரை மிகுதியாய் எடுக்கத் தொடங்கிய ஊர்களில் ஏரி தூர்ந்தது. தொடர்பு வலைக்கும் அதுவே கதி. ஆதலின், இத்தகைய முயற்சியை எண்ணும் எந்தச் சங்கமும் கருவியின் விலையை விசாரிக்குமுன், பழுது பார்ப்பவர் யார், செலவைப் பகிர்வது எவ்வாறு, கணக்கைப் பார்வையிடுபவர் யார் என்பவற்றைப் பொதுச்சபையில் வைத்துத் தீர்மானித்துக்கொள்வது அவசியம். ஆண்டெனாவைக் கடையில் வாங்கலாம். இந்த ஒழுங்கை அங்கத்தினர்களே உண்டாக்க வேண்டும்.