படகுக்கு கியர்தான் பிரேக்

கொங்கு மண்டலத்து அணை ஒன்றில் குடும்பத்தோடு படகு ஏறியிருந்தேன். சுற்றி முடித்துத் திரும்புகையில், கரைக்கு முப்பதடி இருக்கும்போது ஓட்டுநர் ரிவர்ஸ் கியரைத் தள்ளினார். கரகரவென்று சத்தம் வந்ததே தவிர கியர் விழவில்லை. மறுபடி தள்ளினார், அதே சத்தம். எஞ்சினை அணைத்துவிட்டு மூங்கில் கழியை எடுத்து ஓடினார். முன்வரிசையில் ஒரு சிறுமி படகின் விளிம்பைப் பிடித்திருந்தாள். அவள் அம்மா சட்டென்று அந்தக் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த நொடி படகு சிமென்ட் படிக்கட்டில் இடித்து நின்றது. விரல்கள் இருந்த இடத்தில் ஃபைபர் பிளந்திருந்தது.

“ரெண்டு மாசமா இப்படித்தாங்க. மாத்தோணும்னு சொல்லீட்டேதான் இருக்கறேன்” என்றார் ஓட்டுநர்.

இரண்டு மாதம் பிரேக் பிடிக்காத பஸ்ஸில் நம்மை யாராவது ஏற்றினால் சும்மா இருப்போமா? படகில் பிரேக் என்று தனியாக ஒன்று கிடையாது. வேகத்தைக் கொல்வதும், கரை ஒட்டும்போது நிறுத்துவதும் ரிவர்ஸ் கியர்தான். அது விழாவிட்டால் பிரேக் இல்லாத வண்டிதான்.

வாலாங்குளத்திலும் ஆழியாற்றிலும் படகுச் சவாரி பார்த்தவர்கள் நாம். பில்லூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் பவானிக் கரையில் எச்சரிக்கை விடுகிறார்கள். அந்த நேரத்தில் மீட்புக்கு இறங்கும் ரப்பர் படகின் பின்னாலும் இதே மாதிரி, படகுக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டார்தான். கடல் இல்லாத ஊர் என்று இந்தப் பேச்சை ஒதுக்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது?

அவுட்போர்டு மோட்டாரின் தலை மேலே, கால் தண்ணீருக்குள். காலின் அடியில் உள்ள சின்னப் பெட்டியில் முன்னோக்கி ஒரு பல்சக்கரம், பின்னோக்கி ஒரு பல்சக்கரம். எஞ்சின் ஓடும்போது இரண்டும் எதிரெதிராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் ‘டாக் கிளட்ச்’ என்ற பல் வைத்த வளையம். நெம்புகோலைத் தள்ளினால் கேபிளும் கம்பியும் இந்த வளையத்தை ஏதாவது ஒரு பக்கம் நகர்த்தும். பல்லோடு பல் கவ்வியதும் படகைத் தள்ளும் விசிறி சுற்றும். நடுவில் நின்றால் நியூட்ரல்.

கார் போல மெதுவாக, பதமாகப் போடக் கூடாத கியர் இது. மெல்ல அழுத்தினால் பற்கள் நுனியில் உரசி மழுங்கும். எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, ஒரே மூச்சில் ‘டக்’ என்று போட வேண்டும். பதமாகப் போடுகிறேன் என்று பல்லைத் தேய்த்தவர்கள் நிறையப் பேர்.

சத்தத்தைக் கேட்டால் நோய் தெரியும்

கியர் போடும்போது கரகரத்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஐடில் வேகம் கூடியிருக்கலாம், கேபிள் அளவு தப்பியிருக்கலாம், டாக் கிளட்ச் மழுங்கியிருக்கலாம். முதல் இரண்டும் சின்ன வேலை.

கியர் விழுந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் வெளியே எகிறினால் பல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிள் முழுத் தூரம் இழுக்காவிட்டாலும் இப்படி ஆகும். இந்த நிலையில் ஆள் ஏற்றவே கூடாது.

நெம்புகோல் இறுகிப்போனால் பெரும்பாலும் கேபிள் துருப்பிடித்திருக்கும். கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றி நெம்புகோலை அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் குற்றம் கேபிளில் அல்லது நெம்புகோல் இருக்கும் கைப்பெட்டியில். எஞ்சின் அணைந்திருக்கும்போது கியர் விழாதது கோளாறு ஆகாது. பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கும். அங்கே பலம் காட்டினால் கம்பி வளையும்.

நியூட்ரலிலும் விசிறி சுற்றினால் பெரும்பாலும் கேபிள் அளவு சரியில்லை. நீந்துகிறவர் பக்கத்தில் இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை.

கியர் விழுகிறது, எஞ்சின் இரைகிறது, படகு மட்டும் நகரவில்லையா? கியர் பெட்டியைப் பிரிக்கும் முன் விசிறியைப் பாருங்கள். சின்ன மோட்டாரில் விசிறியைப் பிடித்திருக்கும் ஷியர் பின் உடைந்திருக்கலாம். பெரியதில் விசிறியின் நடு ரப்பர் நழுவியிருக்கலாம். நூறு ரூபாய் பின்னுக்காகப் பெட்டியையே பிரித்துப் பில் போடும் கதைகளும் உண்டு.

கியர் ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரில் சீல் போனால் என்ன ஆகும் என்பது நம் ஊர் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். தூண்டில் நரம்பு விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு சீலை அறுப்பது வழக்கமான காரணம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் வழியும் வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று நின்று ஆயில் குறையும்.

விசிறியைத் தொடும் முன், எஞ்சினைச் சட்டென்று அணைக்கும் கில் சுவிட்சின் கிளிப்பைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்குங்கள். தண்ணீர் கொடுக்காமல் தரையில் எஞ்சினை ஓட்டாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் கருகிவிடும்.

கோவையில் லேத்துக்கும் வெல்டருக்கும் பஞ்சமில்லை. அதனாலேயே ஒரு ஆபத்து. மழுங்கிய டாக் கிளட்சை ‘பில்டப்’ வெல்டு அடித்து கிரைண்ட் செய்து தருகிறேன் என்பார்கள். அந்தப் பல் மேல்பரப்பு கடினப்படுத்தப்பட்டது. வெல்டு சூட்டில் அந்தக் கடினம் போய்விடும். சீக்கிரம் தேயும், விரிசலும் விடும். புதுசுதான் போட வேண்டும்.

தண்ணீரில் மாட்டிக்கொண்டால்

கியர் முன்னோக்கியே சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, கையில் கட்டிய கில் சுவிட்ச் கயிற்றை இழுத்து எஞ்சினை அணையுங்கள். நங்கூரமும் துடுப்பும் படகில் இருந்தே ஆக வேண்டும். ஓடும் வேகத்தில் முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு இழுக்காதீர்கள். பல் உடையும், ஆள் தூக்கி எறியப்படுவார்.

2024 டிசம்பர் 18 அன்று மும்பை துறைமுகத்தில் எலிஃபண்டா தீவுக்குப் போன ‘நீல்கமல்’ பயணிகள் படகில் கடற்படையின் வேகப் படகு மோதியது. எஞ்சின் சோதனை ஓட்டத்தின்போது எஞ்சின் கோளாறால் கட்டுப்பாடு போனது என்று கடற்படையே அறிவித்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழுது பார்த்த மோட்டாரை ஆள் நடமாட்டம் இல்லாத நீரில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

வாங்கியவரின் உரிமை

புது மோட்டாரில் கியர் பிரச்சினை வந்தால் முதல் நாளே எழுத்தில் புகார் கொடுங்கள். சத்தத்தை வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுத விடாதீர்கள். ‘ரிவர்ஸ் கியர் விழவில்லை’ என்றே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக்கைப் பிரிக்க விடாதீர்கள்.

தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மோட்டார் சென்னையில் வாங்கியதாக இருந்தாலும் கோவைக்காரர் கோவையிலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். தொழிலுக்கு வாங்கியது என்று தட்டிக் கழிப்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோரே என்று அதே சட்டம் சொல்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஏறுபவரின் உரிமை

டிக்கெட் வாங்கியவரும் நுகர்வோர்தான். 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் ஏரி, ஆறு, கால்வாயில் ஓடும் எஞ்சின் படகுகளுக்குப் பதிவும் தகுதிச் சோதனைச் சான்றும் கேட்கிறது. பதிவு எண் எங்கே, சான்று எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை. எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி வைக்காமல் கொக்கி மாட்டிப் போடுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவே வேண்டும். கியர் கரகரத்தால் இறங்கிவிடுங்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆபத்து என்றால் 112.

படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் முதல் ஆள் ஏறும் முன், கரையோரம் கட்டிய படகில் முன், நியூட்ரல், ரிவர்ஸ் மூன்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எதுவும் விழவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் படகு கட்டியே கிடக்கட்டும். “மாத்தோணும்” என்று உங்கள் ஓட்டுநர் சொன்னால் அன்றே மாற்றிக் கொடுங்கள். ஒரு நாள் வருமானம் போனால் மறுநாள் வரும். அந்தச் சிறுமியின் விரல்கள் போயிருந்தால் திரும்பி வந்திருக்காது.