தகட்டின் எடையில் மின்கட்டணம்

1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நீராவிப் பொறிகள் டைனமோக்களைச் சுழற்றின. 110 வோல்ட் அளவிலான நேர்திசை மின்னோட்டம் நிலத்தடிக் கம்பிகளின் வழியே கடைகளையும் அலுவலகங்களையும் அடைந்தது. விளக்குகள் எரிந்தன. ஆனால், எரிந்த விளக்கிற்கு எவ்வளவு பணம் கேட்பது? எரிவாயு விளக்கிற்கு நம்பத்தக்க அளவி முன்பே இருந்தது. மின்சாரத்திற்கு அத்தகையது இல்லை. நிலையம் நிலைத்து நிற்பது இவ்வினாவின் விடையைச் சார்ந்திருந்தது.

எடிசன் விடையை வேதியியலில் தேடினார். மின்னாற்பகுப்பில் கரையும் உலோகத்தின் நிறை, பாய்ந்த மின்னூட்டத்திற்கு நேர்த்தகவில் அமையும் என்பதை மைக்கேல் ஃபாரடே நிறுவியிருந்தார். அவ்விதியைக் கொண்டு, துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் இரு துத்தநாகத் தகடுகளை அமிழ்த்தி அளவி செய்யப்பட்டது. மின்னோட்டம் பாயும்போது ஒரு தகடு கரைந்து இளைக்கும். மற்றொன்று உலோகம் படிந்து கனக்கும். முழு மின்னோட்டத்தையும் குடுவை தாங்காது. ஆதலால் பெரும்பகுதி குறைந்த தடையுள்ள பக்கவழியில் செல்ல, ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே கரைசலுக்குள் சென்றது.

மாதந்தோறும் நிறுவனப் பணியாளர் வந்து தகடுகளை எடுத்துச் செல்வார். அவற்றைக் கழுவி, உலர்த்தி, நுண்தராசில் நிறுத்த பின்னரே கட்டணம் கணக்கிடப்பட்டது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 1.22 கிராம் துத்தநாகம் கரையும். அளவிக்குள் செல்வது ஆயிரத்தில் ஒரு பங்கே என்பதால், ஒரு விளக்கு ஒரு மணி நேரம் எரிந்ததற்குச் சான்று ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான்! கழுவுகையில் சிறு துகள் உதிர்ந்தாலும் கணக்கு பிழைபடும். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்க, வெப்பம் குறைந்தால் தானே எரியும் விளக்கு ஒன்றும் பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

எனினும், பெருங்குறை வேறொன்று. மின்சாரம் வாங்கியவரால் அளவியைப் படிக்க இயலவில்லை. தராசும் நிறுவனத்துடையது, கணக்கும் நிறுவனத்துடையது. எரிவாயு அளவியின் முள்ளைத் தாமே பார்க்க முடிந்தவர்கள் இதனை ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை.

மாறுதிசை மின்னோட்டத்திற்கு இக்கருவி சற்றும் பயன்படவில்லை. ஒரு கணம் கரைந்த உலோகம் மறுகணமே திரும்பப் படிந்துவிடும். 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலிவர் ஷாலன்பெர்கர் வில்விளக்கு ஒன்றை ஆராய்கையில், அதனுள் விழுந்த சிறு சுருள்வில் தானே சுழல்வதைக் கண்டார். மாறும் காந்தப்புலமே அதனைச் சுழற்றியது. அவ்வியக்கத்தைப் பற்சக்கரங்களோடு இணைத்து, முட்கள் காட்டும் அளவியை அவர் உருவாக்கினார். அதுவும் ஆம்பியர் மணியையே அளந்தது. மின்னாற்றலையே அளக்கும் வாட் மணி அளவிகள் அடுத்த ஆண்டில் வந்தன. வீட்டுக்காரர் தம் மின்செலவைத் தம் வீட்டுச் சுவரிலேயே படிக்கலானார்.