பதினைந்து மணி நேரக் கணக்கு

திருமுல்லைவாயிலில் என் பெரியம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது ஒரு பெருமூச்சு. அது பெரியம்மாவுடையது அன்று. கட்டிலருகே நிற்கும் ஒரு பெட்டியினுடையது. உங்கள் இடுப்பு உயரம்கூட இராது. கீழே நான்கு சக்கரங்கள். சில விநாடிகளுக்கு ஒரு முறை 'புஸ்' என்று மூச்சு விடும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் தரையில் நெளிந்து வந்து, பெரியம்மாவின் இரு காதுகளையும் சுற்றிக்கொண்டு மூக்கில் முடிகிறது.

இதன் பெயர் ஆக்சிஜன் செறிவூட்டி. 2021 இல் கொரோனா நோய் பரவியபோது எல்லாருடைய வாயிலும் இந்தப் பெயர் அடிபட்டது. நீங்கள் அப்போது சிறுவர்களாக இருந்திருப்பீர்கள். அந்தக் காலத்தின் அச்சம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. "ஆக்சிஜன் வைத்துவிட்டார்களாமே!" என்று யாராவது சொன்னால், "இனி எவ்வளவு நாளோ?" என்று நாம் பொருள் செய்துகொள்கிறோம். பெரியம்மாவுக்கும் அதே எண்ணந்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவார். "ஏண்டா, வர்றவங்க இதைப் பார்த்தா நான் கிளம்பிட்டேன்னு நினைக்க மாட்டாங்களா?" என்பார்.

இந்த எண்ணம் தவறு என்பதை இயற்பியலைக் கொண்டே காட்டிவிடலாம். கொஞ்சம் பொறுமையாக என்னுடன் வாருங்கள்.

முதலில் நோய். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது இதன் பெயர். புகைபிடிப்பவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது. ஆனால் பெரியம்மா பீடியைக் கையால் தொட்டதில்லை. பத்து வயதில் விறகடுப்பின் முன் உட்கார்ந்தவர். நாற்பது ஆண்டுகள் ஊதுகுழலும் புகையுமாகவே சமைத்தார். எங்கள் பக்கத்திலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களின் நுரையீரல்களைச் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.44 பேருக்கு இந்நோய் இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் கழித்தவர்களிடம் அது 3 ஆக உயர்ந்தது.

நுரையீரலுக்குள் ஏறக்குறைய 30 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். உங்கள் வகுப்பறையின் தரையைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். புகை பல்லாண்டு உள்ளே போகப் போக மூச்சுக் குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. நுண்ணறைச் சுவர்கள் கிழிந்து பல அறைகள் ஒன்றாகிவிடுகின்றன. சுவர் குறைந்தால் பரப்பு குறையும். இப்படிப் போன பரப்பு திரும்பி வராது. பெட்டியாலும் அதை மீட்க முடியாது. அப்படியானால் பெட்டி என்னதான் செய்கிறது?

ஆக்சிஜன் இரத்தத்துக்குள் தானாக விரும்பிப் போவதில்லை. அழுத்தந்தான் அதைத் தள்ளுகிறது. சென்னையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடு. ஆகவே அதன் பகுதி அழுத்தம் 160 மி.மீ. மூக்கிலும் தொண்டையிலும் காற்று ஈரமாகும்போது நீராவி 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆக்சிஜனுக்கு 150 மிஞ்சும். நுண்ணறையில் கார்பன்-டை-ஆக்சைடும் கலந்து, ஆக்சிஜனும் உறிஞ்சப்படுவதால் 100 ஆகிவிடும். நலமாயுள்ள ஒருவரின் தமனி இரத்தத்தில் இது 95 அளவில் இருக்கும். 2022 இல் பெரியம்மாவின் மணிக்கட்டிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தபோது 50 தான் இருந்தது.

"பாதிதானே குறைந்திருக்கிறது? இரத்தத்திலும் பாதி ஆக்சிஜன் இருக்குமே" என்று நீங்கள் எண்ணலாம். அப்படி இல்லை. இங்கேதான் வேடிக்கை.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் மூலக்கூறு ஒவ்வொன்றையும் நான்கு இருக்கைகள் கொண்ட ஷேர் ஆட்டோவாகக் கற்பனை செய்யுங்கள். (பூந்தமல்லியில் நான்கே பேரோடு எந்த ஷேர் ஆட்டோ கிளம்புகிறது என்று கேட்காதீர்கள். இந்த ஓட்டுநர் சட்டத்தை மதிப்பவர்!) நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கியடித்தால் எல்லா இருக்கைகளும் நிரம்பும். கூட்டம் ஓரளவு குறைந்தாலும் பெரும்பாலும் நிரம்பியே போகும். ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் வண்டிகள் காலியாக ஓடத் தொடங்கும். அழுத்தம் 100 ஆக இருக்கும்போது நூற்றுக்கு 97 இருக்கைகள் நிரம்பியிருக்கும். 60 ஆனாலும் 90 நிரம்பும். அதாவது அழுத்தம் 40 மி.மீ. இறங்கியும் இழப்பு ஏழே இருக்கைகள். ஆனால் 60 இலிருந்து 40 க்கு இறங்கினால் இருக்கைகள் 75 ஆகிவிடும். வரைபடத் தாளில் இந்த மூன்று புள்ளிகளையும் குறித்து இணைத்துப் பாருங்கள். மேலே மேடைபோலச் சமதளம். கீழே செங்குத்துச் சரிவு.

பெரியம்மா நின்றது அந்தச் சரிவின் மேல். சரிவில் நிற்பவரைச் சிறிது மேலே தள்ளினாலே போதும், மேடை எட்டிவிடும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜனை மூக்கில் விட்டால், உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 இலிருந்து சுமார் 28 விழுக்காடாகும். மூச்சுக் குழலில் 150 ஆக இருந்த அழுத்தம் 200 ஆகிறது. பழுதான நுரையீரல் இந்த உயர்வு முழுவதையும் இரத்தத்துக்குக் கொடுக்காது, கொடுப்பதே போதும். பெரியம்மாவின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 84 காட்டிய இடத்தில் இப்போது 91 காட்டுகிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் அளக்கும் இந்தக் கருவியின் தத்துவத்தை 1974 இல் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. கருத்த தோலில் இது சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். நம் ஊரில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

குழாயை இன்னும் திறந்துவிட்டு 99 ஆக்கிவிடலாமே என்று என் அண்ணன் ஒரு நாள் முயன்றார். டாக்டர் கடிந்துகொண்டார். மேடையின் மேல் ஏறியபின் மேலும் தள்ளுவதில் பயனில்லை; இந்நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மீறிய ஆக்சிஜனால் உடலில் கார்பன்-டை-ஆக்சைடு தேங்கி மயக்கம்கூட வரும்.

சரி, அந்த 2 லிட்டர் எங்கிருந்து வருகிறது? பெட்டி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனை நீக்குகிறது, அவ்வளவே. உள்ளே இரண்டு உலோகக் குழல்கள். அவற்றில் சியோலைட் என்னும் மணிகள். இதை 'மூலக்கூறு சல்லடை' என்பார்கள். அந்தப் பெயர் நம்மை ஏமாற்றும். நைட்ரஜன் மூலக்கூறும் ஆக்சிஜன் மூலக்கூறும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. சல்லடையில் சலிக்க முடியாது. வேறுபாடு மின்னூட்டம் பரவியிருக்கும் விதத்தில் இருக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறின் இரு முனைகளும் சற்றே எதிர்மின் தன்மையும் நடுப்பகுதி நேர்மின் தன்மையும் கொண்டவை. ஆக்சிஜனில் இந்த ஏற்றத்தாழ்வு மிகக் குறைவு. சியோலைட்டின் துளைகளில் உள்ள நேர் அயனிகள் நைட்ரஜனின் முனைகளைப் பற்றிக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் பிடி கூடும். அழுத்தம் குறைந்தால் விட்டுவிடும். ஒரு குழலில் அழுத்திய காற்றைச் செலுத்தி நைட்ரஜனைப் பிடித்து வைக்கும்போது, மற்றொரு குழல் அழுத்தம் தளர்ந்து, பிடித்த நைட்ரஜனை வெளியேற்றும். சில விநாடிகளில் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். அந்த 'புஸ்' சத்தம் இப்போது புரிகிறதா? இப்படி இரு குழல்களை மாறி மாறி இயக்கும் முறையை 1950களின் பிற்பகுதியில் வகுத்தவர் அமெரிக்காவின் ஸ்கார்ஸ்ட்ராம். நம் தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்காக உருவான ஆக்சிஜன் கருவியும் சியோலைட் கருவியே. அந்த நுட்பத்தைத்தான் 2021 இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவமனைகளின் ஆக்சிஜன் ஆலைகளுக்குக் கொடுத்தது.

ஒரு சிறு கணக்கு. காற்றில் ஆக்சிஜன் 21 பங்கு, ஆர்கான் 0.93 பங்கு. சியோலைட் ஆர்கானையும் பிடிப்பதில்லை. நைட்ரஜன் முழுவதும் போய்விட்டால் மிஞ்சும் வாயுவில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு? 21 ஐ 21.93 ஆல் வகுத்துப் பாருங்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் இத்தகைய பெட்டி 96 ஐத் தாண்டாததன் காரணம் கிடைக்கும்.

இனி பதினைந்து மணி நேரத்துக்கு வருவோம். காலையில் தின்ற இட்லி பகல் வரை தாங்கும். ஆக்சிஜனை அப்படிச் சேமிக்க உடலில் இடமில்லை. மொத்த இருப்பே சுமார் ஒன்றரை லிட்டர். உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவு. குழாயைக் கழற்றிய சில நிமிடங்களில் பழைய நிலைதான். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலப்பக்கம் திணறித் திணறிக் களைக்கிறது. ஆகவே மூச்சு வாங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் போட்டுக்கொள்வதில் பயனில்லை. கணக்கில் சேர்வது மொத்த மணி நேரம். 1981 இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நாளுக்கு 15 மணி நேரம் ஆக்சிஜன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தோர் 19. பெறாத 45 பேரில் இறந்தோர் 30. 1980 இல் வந்த அமெரிக்க ஆய்வு, இரவில் மட்டும் பெற்றவர்களைவிட ஏறக்குறைய நாள் முழுவதும் பெற்றவர்களிடம் இறப்பு பாதியளவே என்று காட்டியது. எல்லா மூச்சிரைப்புக்கும் இது பொருந்தாது. குறைவு அவ்வளவு கடுமையாக இல்லாதவர்களுக்கு வீட்டு ஆக்சிஜனால் ஆயுள் கூடுவதில்லை என்று 2016 இல் 738 பேரிடம் நடந்த ஆய்வு தெரிவித்தது.

இந்த எண்களை நான் பெரியம்மாவிடம் சொன்னேன். கல்லூரியில் பாடம் எடுப்பது போலவே சொன்னேன் போலிருக்கிறது, கொட்டாவி விட்டார். காரியத்தைச் சாதித்தவள் அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்பு. பழைய நோட்டு ஒன்றில் பாட்டி குழாய் போட்ட நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் ஒரு வாரம் குறித்தாள். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குப் பதினொன்றே மணி நேரம்! விருந்தினருக்காக ஒளித்தது, குளியல், வெள்ளிக்கிழமை விளக்கு எல்லாம் சேர்ந்து நான்கு மணி நேரத்தை விழுங்கியிருந்தன.

விளக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்சிஜன் தான் எரியாது. எரிவதற்குத் துணை செய்யும். கனலும் குச்சியை ஆக்சிஜன் உள்ள சோதனைக் குழாயில் நுழைத்தால் குப்பென்று பற்றுவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். குழாய் மாட்டியவரின் சேலையும் போர்வையும் ஆக்சிஜனில் ஊறியிருக்கும். ஆகவே அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் மூன்று மீட்டருக்குள் கூடாது. மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமும் இங்கே ஆகாது. விளக்கேற்றும் வேலை இப்போது பேத்தியுடையது. பெரியம்மா கூடத்திலிருந்தே கும்பிடுகிறார். அதில் அவருக்கு மனக்குறை உண்டு.

பெட்டி மின்சாரத்தை நம்பியிருக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் காலை எட்டு மணிக்கு மின்சாரம் நின்றது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பெட்டிக்கு 300 வாட் வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது ஆறு மணி நேரம். பழைய பேட்டரி, இழப்புகள் எல்லாம் போக ஐந்து மணி நேரம் ஓடியது. பிறகு இருந்தது கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக ஒரு சிறிய சிலிண்டர். கொள்ளளவு 10 லிட்டர். அண்ணன் மகள் தொலைபேசியில், "சித்தப்பா, முள் 90-ல நிக்குது" என்றாள்.

பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோகிராம் அழுத்தத்தில் 10 லிட்டர் என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய 900 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 450 நிமிடம்; ஏழரை மணி நேரம். ஒரு மணிக்குத் தொடங்கினால் இரவு எட்டரைக்குத் தீரும். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டாள்: "தினமும் ஒன்பது மணி நேரம் கழட்டித்தானே இருக்காங்க? அதைப் பகல்லயே கழிச்சிட்டா என்ன?"

டாக்டரைக் கேட்டோம். அசையாமல் உட்கார்ந்திருக்கட்டும், ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள், 84 க்குக் கீழே போனால் உடனே மாட்டுங்கள் என்றார். பெரியம்மா மூன்று மணி நேரம் கட்டிலில் சாய்ந்தபடி இருந்தார். பேத்தி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு 84 தொட்டது, சிலிண்டரைத் திறந்தார்கள். இனி இரவு பதினொன்றரை வரை கவலையில்லை. ஒன்பது மணிக்கு அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். அதில் முள் 120. எத்தனை மணி வரை தாங்கியிருக்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. இடையே இரண்டரை மணி நேரம் மீண்டும் கட்டில், ஆக்சிமீட்டர், பேத்தி.

அன்றிலிருந்து பெரியம்மா விருந்தினருக்காகக் குழாயைக் கழற்றுவதில்லை. யாராவது முகம் மாறிப் பார்த்தால், "இது நைட்ரஜனைப் பிடிக்கிற பெட்டி" என்று ஆரம்பித்துவிடுகிறார். நோட்டில் போன வாரக் கணக்கு: 15, 16, 15, 14½, 16, 15. ஞாயிற்றுக்கிழமை மட்டும் 12. அன்று ஆவடியில் ஒரு கல்யாணம்.