நான்கு உள்ளங்கை நிலம்

மட்டக்களப்பு நகரைவிட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்முனை நோக்கிச் செல்லும் எழுவான்கரைப் பெருவீதி, மேடென்பதையே அறியாத சமதரையில் ஓடுவது. 1924 இல் திறக்கப்பட்டு மனிங் சீமாட்டியின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலத்தில், ஒரு திசை வாகனங்கள் போய் முடியும்வரை மறு திசை வாகனங்கள் காத்து நின்ற காலம், 2013 இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்துவிட்டது. வீதி அகன்று வழவழப்பானதும் வேகத்தின்மேல் ஆசை பிறப்பது இளமையின் இயல்பே. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கு வந்திறங்கிய ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர் போன்ற கார்களை ஸ்போர்ட்ஸ் கார்களாக மாற்றிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள், ஸ்பிரிங்கை வெட்டியோ குட்டையானதைப் பூட்டியோ காரைத் தரையோடு தாழ்த்தி, ஷொக் அப்சோபரையும் இறுக்கிவிட்டு, திருப்பத்தில் உடல் சாயாத கார் வீதியை நன்றாகப் பற்றியிருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். சாயாமையும் பற்றுதலும் ஒன்றல்ல என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்ற அவாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரின் நான்கு ரயர்களும் பாரத்தைச் சமமாகத் தாங்குவதாகவும், ஒவ்வொன்றிலும் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்றழுத்தம் இருப்பதாகவும் கொண்டால், ஒரு ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 22 சதுர அங்குலம். அதாவது ஒரு மனிதனின் உள்ளங்கையளவு. திரும்புவதும் நிறுத்துவதும் விரைவதும் ஆகிய சகல காரியங்களும் அந்த நான்கு துண்டு நிலத்தின் மூலமாகவே நடைபெறுகின்றன. ஸ்பிரிங், ஷொக் அப்சோபர், சில்லுகளின் கோணங்கள் ஆகிய யாவும் அந்த ரப்பரைச் சமமாக நிலத்தில் படியவைப்பதற்கென்றே அமைந்த உபாயங்கள்.

இந்தக் கார், புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு வலிமையுள்ள பக்கவாட்டு முடுக்கத்தோடு ஒரு வளைவில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்திலும், இடவலச் சில்லுகள் ஒன்றரை மீற்றர் இடைவெளியிலும் இருக்குமாயின், 320 கிலோகிராம் பாரம் உட்புறச் சில்லுகளைவிட்டு வெளிப்புறச் சில்லுகளுக்குப் பெயர்ந்துவிடும். 600க்கு 600 என்றிருந்தது 280க்கு 920 என்று ஆகிவிடுகிறது. எடை, முடுக்கம், உயரம், அகலம் என்பவையே இக்கணக்கில் வருகின்றன. ஸ்பிரிங்கின் விறைப்பு எங்கும் வரவில்லை. ஆகவே எவ்வளவுதான் விறைப்பான ஸ்பிரிங்கைப் பூட்டினாலும், உடல் சாய்வது குறையுமேயன்றிப் பெயரும் பாரம் குறைவதில்லை. காரை ஐந்து சென்ரிமீற்றர் தாழ்த்தினால் 32 கிலோகிராம் மிச்சப்படுவது உண்மை. ஆனால் ஸ்பிரிங் மேலும் கீழும் அசைவதற்கு வேண்டிய இடத்தை அதற்கு விலையாகக் கொடுக்கிறோம். மாரி வெள்ளம் வடிந்தபின் குழி விழுந்த வீதியில் சில்லு தடையில் போய் முட்டுகிற கணத்தில், ஸ்பிரிங்கே இல்லாத கார்போல அது துள்ளிவிடும்.

அப்படியானால் விறைப்பினால் ஆவது யாது? பாரம் இரட்டித்தால் ரயரின் பிடிப்பும் இரட்டித்துவிடுவதில்லை. சற்றுக் குறைவாகவே கூடுகிறது. எனவே ஒரு சோடிச் சில்லுகளில் ஒன்று பெரும்பாரத்தையும் மற்றது சிறுபாரத்தையும் சுமக்கும்போது, அந்தச் சோடியின் மொத்தப் பிடிப்பு குறைந்துபோகிறது. பெயரும் 320 கிலோகிராமில் முன்சோடி எவ்வளவு ஏற்பது, பின்சோடி எவ்வளவு ஏற்பது என்று பங்கிடுவதுதான் விறைப்பின் வேலை. முன்புறம் அதிகமாக விறைத்திருந்தால் முன்சில்லுகள் முந்திப் பிடிப்பிழந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே வழுக்கிச் செல்லும். பின்புறம் விறைத்திருந்தால் வால் வெளியே வீசும். உடல் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைத் தடித்ததாகப் பின்னே பூட்டியதும் கார் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது என்று மகிழ்பவர், மழை நாளில் அதே கம்பி என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

கல்லடி உப்போடையில் சமாதி கொண்டுள்ள சுவாமி விபுலாநந்தர், தாம் கற்ற விஞ்ஞானத்தைப் பழந்தமிழ் இசையின்மேல் பிரயோகித்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். நரம்பின் இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதன் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்ற இசைச் சாஸ்திரக் கணிதமும் காரின் ஸ்பிரிங்குக்குரிய கணிதமும் ஒரே வடிவின: ஸ்பிரிங்கின் விறைப்பை நான்கு மடங்காக்கினால், அதன்மேல் நிற்கும் உடல் இரு மடங்கு விரைவாக ஆடும். சாதாரணக் கார் செக்கனுக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவையும், வீதியில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் ஏறக்குறைய இரண்டு தடவையும் ஆடும் சுபாவமுடையன. 1930களில் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்தில் இதனை ஆராய்ந்த மோரிஸ் ஒல்லி என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், முன்புறத்தின் ஆட்டம் பின்புறத்தினதைவிடச் சற்று மெதுவாக இருக்கவேண்டும் என்று கண்டார். மேட்டை முதலில் சந்திப்பது முன்சில்லு. பிந்திச் சந்திக்கும் பின்புறம் விரைவாக ஆடினால்தான் முன்புறத்தை எட்டிப் பிடித்து, உடல் முன்னும் பின்னும் குதியாமல் ஒருங்கே எழுந்து தணியும். நான்கு ஸ்பிரிங்குகளையும் ஒரே மனப்போக்கில் வெட்டிவிடுபவர் இந்த நுட்பத்தையும் வெட்டியெறிந்துவிடுகிறார்.

இனிக் கோணங்கள். உடல் சாயும்போது சில்லும் கூடச் சாய்ந்து ரயரின் வெளி விளிம்பில் நிற்காதபடி, சில்லின் மேற்பகுதியை முன்கூட்டியே உட்புறமாகச் சாய்த்துவைப்பது கேம்பர். நுவரெலியாவில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் போல வளைவே பாதையாக இருக்குமிடத்தில் மூன்று பாகை பொருந்தலாம். நேர்கோடாகக் கிடக்கும் நம் கரையோர வீதியில் அதே மூன்று பாகை, ரயரின் உள் விளிம்பை மட்டும் தின்றுவிடும். ஒரு பாகை, மிஞ்சினால் ஒன்றரை, போதுமென்பது என் அபிப்பிராயம். இதிலும் காருக்குக் கார் பேதம் உண்டு. தொண்ணூறுகளின் சிவிக் சில்லொன்றுக்கு மேலும் கீழுமாக இரு கைகளுடையது. தாழ்த்தும்போது அது தானாகவே உட்சாய்வைப் பெறும். லான்சரின் முன்புறத்தில் இருப்பது மேற்கை இல்லாத மக்பெர்சன் அமைப்பு. கீழ்க்கை கிடைநிலையைத் தாண்டி மேல்நோக்குமளவு தாழ்த்திவிட்டால், திருப்பத்தில் சில்லு எதிர்ப்பக்கமாகச் சாயத் தொடங்கிவிடும். காஸ்டர் என்னும் கோணத்தைச் சைக்கிளின் முன்கவையிலேயே காணலாம்: கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதனால், அதன் அச்சுக் கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்குப் பின்னே ரயர் இழுபட்டு, தானே நேராகிக்கொள்கிறது.

எஞ்சியது டோ, மேலிருந்து பார்க்கையில் இரு சில்லுகளும் ஒன்றையொன்று நோக்குகின்றனவா, விலகி நோக்குகின்றனவா என்பது. ஒளிக்கதிர் யந்திரம் இல்லாத கராஜிலும் இதைச் செவ்வனே அளக்கலாம். சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, ரயர்களுக்குக் காற்றடித்து, சாரதியின் இருக்கையில் அவர் எடைக்கு நெல் மூடையை ஏற்றி, ஸ்டியரிங்கை நேரே கட்டிவிட்டு, காரின் இருபுறமும் சில்லின் மைய உயரத்தில், காரின் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாகத் தங்கூசியை விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். வாவியில் வலைக்கும் தூண்டிலுக்கும் உதவும் அந்த மெல்லிய நைலோன் இழை, தொய்யாது நிற்பதால், இவ்வேலைக்கு மிக வாய்ப்பானது. இழையிலிருந்து சில்லின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரங்களை உருக்கு அடிமட்டத்தால் அளந்தால், இரண்டின் வித்தியாசமே அந்தச் சில்லின் டோ. சில்லின் திசையைத் திருத்தும் டை ராட்டைத் திருகியபின், காரை முன்னும் பின்னும் உருட்டி, முறுகி நிற்கும் ரயர் தளர்ந்த பிறகே மறுபடி அளத்தல் வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் பிழையை அற்பமென்று கொள்ளலாகாது: 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயரில் அது கிலோமீற்றருக்கு இரண்டரை மீற்றர் பக்கவாட்டுத் தேய்ப்பாகும். கல்லடியிலிருந்து கல்முனை வரையுள்ள ஏறக்குறைய 40 கிலோமீற்றரில், அந்த ரயர் 100 மீற்றர் தூரம் குறுக்கே இழுபட்டிருக்கும்.

உயரத்தையோ கேம்பரையோ காஸ்டரையோ மாற்றினால் டோவும் மாறிவிடுமாதலால் அதைக் கடைசியாகவே திருத்தவேண்டும். அதிலும் பின்சில்லுகளை முதலிலும் முன்சில்லுகளைப் பின்னரும். இவையனைத்துக்கும் முன்னே பார்க்கவேண்டியது, சில்லின் கைகள் பொருந்தும் மூட்டுகளிலுள்ள ரப்பர்ப் புஷ்களை. எங்கள் உப்புக் காற்றில் கோணம் திருத்தும் போல்ட்டுகள், புஷ்ஷின் உட்குழலோடு துருவேறி ஒன்றாகிவிடுகின்றன. தளர்ந்த புஷ்ஷின்மேல் வைத்த கோணம், பிரேக்கை மிதித்த கணத்திலேயே வேறாகிவிடும். தேர்ந்த மெக்கானிக்குகள் புஷ் மாற்றாத காருக்கு எலைன்மென்ட் செய்ய மறுப்பது பேராசையினால் அன்று. மழைநீர் வடிவதற்காக வீதியின் ஓரம் சரிந்திருப்பதும், நாம் இடப்புறமாக ஓட்டுவதும் சேர்ந்து காரை இடப்பக்கம் இழுப்பதால், வலச்சில்லின் காஸ்டரை இடச்சில்லினதைவிடக் கால் பாகையளவு குறைத்து வைப்பதும் அவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம். மாரி கழிந்து தை பிறந்ததும், ரயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் கூராகவும் படுமானால், குழிகளில் விழுந்த வேகத்தில் டோ நகர்ந்துவிட்டது. தங்கூசியை மீண்டும் கட்டவேண்டியதுதான்.